ஒரே மாதிரியும் ஒரு மாதிரியும்

வாய்க்கால் கரையில் பாதி தூரம் வந்த பிறகுதான் செருப்பின் வார் அறுந்திருப்பதைக் கவனித்தேன். நின்று சரிசெய்யவில்லை. கல்லூரியின் தண்ணீர்த் தொட்டி இன்னும் முதுகுக்குப் பின்னால் தெரிந்துகொண்டிருந்தது. அது மறைகிறவரை நிற்கக் கூடாது என்று மனதுக்குள் ஒரு தீர்மானம். சித்திரை வெயில். வாய்க்காலில் தண்ணீர் கிடையாது, வெடித்த வண்டல்தான். தோள்பையில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, ஒரு போர்வை. உத்தமபாளையம் போய், முதலில் எந்தப் பேருந்து வருகிறதோ அதில் ஏறுவது. கம்பம் போகிற வண்டி வந்தால் மலை ஏறி ஏலக்காய்த் தோட்டம். தேனி வண்டி வந்தால் அல்லிநகரத்தில் ஒரு லாரி செட்டு. இரண்டிலும் முன்பு வேலை பார்த்திருக்கிறேன். இரண்டிலிருந்தும் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறேன்.

யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்வதற்கு முன்னால் போய்விடுவது என் பழக்கம். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து அப்படித்தான். கிணறு வெட்டு, செங்கல் சூளை, திராட்சைக்குப் பந்தல் கட்டுவது, ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரி. ஒவ்வொன்றிலும் சோறு கிடைத்தது, கொஞ்சம் அடியும் கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

விலங்கு அறையில் இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்கள், ஓய்வு பெற்றுப் போன ஒருவன் எதற்கு ஓடிப்போன கதையைச் சொல்கிறான் என்று கேட்கலாம். தொட்டி கழுவுவதையும் தண்ணீர் மாற்றுவதையும் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். அன்றைக்கு அந்த அறையில் நடந்ததை மட்டும் பார்த்துக் கற்க முடியாது. அது மறுபடி அதே போல நடக்காது.

நான் அங்கே போனது நண்டு பிடிக்க. வயல் நண்டு வரப்பைத் துளைக்கும், தண்ணீர் ஒழுகிவிடும், அதனால் நண்டு பிடிக்கிறவனை எந்த விவசாயியும் விரட்ட மாட்டார். பிடித்ததைக் குழம்புக்கு விற்றுக்கொண்டிருந்தவனிடம் ஒரு நாள் ஒரு அம்மா வந்து, உயிரோடு வேண்டும், கால் உடையாமல் வேண்டும் என்றார். கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை. எல்லாரும் மேடம் என்பார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

எதற்கு இந்த நண்டு என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. நண்டுக்கு வாயில் இருப்பது கடிக்கிற உறுப்புதான். அரைக்கிற பல் வயிற்றுக்குள் இருக்கிறது. அந்த வயிற்றை ஆட்டி வைப்பது கடுகளவு கூட இல்லாத ஒரு நரம்பு முடிச்சு. அதில் இருக்கிற நரம்பு உயிரணுக்கள் முப்பதை ஒட்டித்தான். நண்டை ஐஸில் வைத்து மரத்துப்போகச் செய்து, அந்த முடிச்சைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்தால், அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும். வயிறே இல்லை, ஆனால் அரைக்கச் சொல்லும் கட்டளை போய்க்கொண்டிருக்கும். வேலை முடிந்த நண்டு வயலுக்குத் திரும்பாது. அதை உங்களிடம் பூசி மெழுக விரும்பவில்லை.

கம்ப்யூட்டர் திரையில் அதைப் பார்க்கலாம். மூன்று கோடுகள், ஒன்று துடித்து ஓய்ந்ததும் அடுத்தது, அது ஓய்ந்ததும் மூன்றாவது. கிணறு வெட்டும்போது ஒரே உளியின் தலையில் மூன்று பேர் முறைவைத்துச் சம்மட்டி போடுவார்கள். முறை தப்பினால் கை போய்விடும். அதே முறை அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவள் நஸ்ரீன், மேடத்தின் ஆராய்ச்சி மாணவி, உத்தமபாளையத்துப் பெண். அந்த முடிச்சு எவ்வளவு சூடு தாங்கும், எப்போது முறை தப்பும், குளிர வைத்தால் திரும்புமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளுக்கு அடுத்தபடி ஆரோக்கியம் என்று ராயப்பன்பட்டிப் பையன், அப்போதுதான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன்.

மேடத்தின் முதல் கட்டளை, "எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்." ஒரே அளவு, எல்லாம் ஆண், இரண்டு கொடுக்கும் முழுசாக, தீனி போட்டதும் எடுக்க வேண்டும், தொட்டதும் விலக வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேறு தொட்டி. கொடுக்கு இழந்து புதிதாக முளைத்துக்கொண்டிருப்பது, தீனியைத் திரும்பிப் பார்க்காதது, தொட்டால் விலகாமல் எதிர்த்து நிற்பது எல்லாம் அங்கே போய்விடும். நஸ்ரீன் ஒரு நீலத் தொட்டியில் 'ஒரே மாதிரி' என்றும் இன்னொரு நீலத் தொட்டியில் 'ஒரு மாதிரி' என்றும் எழுதி வைத்தாள். தமிழில் இது எவ்வளவு வசதி பாருங்கள். ஒரே மாதிரி என்றால் நல்லவன். ஒரு மாதிரி என்றால் ஊரே உதட்டைப் பிதுக்கும் ஆள். என்னையும் அப்படித்தான் சொல்வார்கள்.

இந்த வசதிதான் எங்களைக் கவிழ்த்தது.

அந்த மாசியில் நான் பழைய கூட்டாளி ஒருவனைப் பார்க்க ஏலத்தோட்டத்துக்குப் போனவன் சில நாள் தங்கிவிட்டேன். தண்ணீர் மாற்றுவது ஆரோக்கியத்தின் பொறுப்பு. நான் திரும்பி வந்தபோது ஒரு தொட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரே தொட்டியில் நண்டுகள். மற்றதை எல்லாம் எடுத்து முடித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நஸ்ரீன், ஒரு மாதிரித் தொட்டியைத்தான் இடம் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவரவர் நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தோம். எழுத்து சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது; அவள் அந்தத் தொட்டியிலிருந்துதான் கைக்கு வந்த நண்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் ஒரு நாள் காலை, தொட்டிக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள். அவள் கையில் இருந்த நண்டுக்கு ஒரு பக்கம் பெரிய கொடுக்கு, மறுபக்கம் முளைத்து வருகிற சின்னக் கொடுக்கு.

"ஏலே ஆரோக்கியம், இது எப்படிலே இங்கன வந்துச்சு? ஒரே மாதிரி தொட்டி எங்க?"

"அப்படி ஒரு தொட்டியே இல்லியேக்கா. ரெண்டுலயும் ஒரு மாதிரின்னுதான போட்டிருந்துச்சு. ரெண்டும் ஒரு மாதிரிதானேன்னு ஒண்ணாப் போட்டுட்டேன்."

"எப்பலே?"

"மாசியில."

கவிழ்த்திருந்த தொட்டியைத் திருப்பிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. 'ஒரு மாதிரி' என்றுதான் இருந்தது.

சத்தம் கேட்டு மேடம் வந்தார். அவர் திட்டுகிறவர் இல்லை. குரல் தாழ்ந்துகொண்டே போகும், அவ்வளவுதான். "யார் இதை எழுதினது?" என்றார். நஸ்ரீன் தான் எழுதியது 'ஒரே' என்றாள். ஆரோக்கியம் தொடவே இல்லை என்றான். பிறகு யாரும் பேசவில்லை. அந்த மாதிரி அமைதி எனக்குப் பழக்கம். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும், பழியும் அப்படித்தான்; அங்கே பள்ளம் நான்.

"மாசிக்கு அப்புறம் செஞ்ச எதுவும் சேராது நஸ்ரீன்," என்றார் மேடம். "நாளன்னிக்கு பல்கலைக்கழகத்துலருந்து பாக்க வர்றாங்க. கலப்பட நண்டை வச்சு என்ன காட்டுறது? திரும்பச் செய்யணும்."

"மேடம், ஜூன்ல தண்ணி தொறந்தாத்தான் வயல்ல அடுத்த நண்டு. அப்பறம் ஒரு வருசம் ஆயிரும்."

"தெரியும்மா."

"எங்க அத்தா இந்த வருசத்தோட படிப்பு போதும்னு சொல்லிட்டாக மேடம்."

மேடம் தன் அறைக்குப் போனார். நான் என் பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினேன். அப்படி வந்ததுதான் அந்த வாய்க்கால் கரை.

தார் ரோட்டில் ஏறிய இடத்தில் பின்னால் ஸ்கூட்டி வந்து நின்றது. நஸ்ரீன்.

"அண்ணே, எங்கன போறீக?"

"சும்மா. பாளையம் வரைக்கும்."

"போர்வையோடயா?"

பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன். சமாதானம் செய்து கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, மாட்டேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"நான் ஒங்கள கூப்பிட வரல. ஐஸ் வாங்கப் போறேன். நம்ம மிசின் இன்னைக்குப் பாத்து மக்கர் பண்ணுது. பின்னால ஒக்காந்து புடிச்சுக்கிட்டு வர ஒரு ஆளு வேணும். ஏறுங்க. வந்து எறக்கி வச்சுட்டுப் போங்க, நானே பஸ் ஸ்டாண்டுல விடுறேன்."

சொல்லத் தயாராக வைத்திருந்ததைச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. ஏறினேன்.

மீன் கடைக்காரர் ஐஸை உடைத்துக்கொண்டே, "மீன் வாங்காம ஐஸ் மட்டும் வாங்கிட்டுப் போறியே தாயி, வீட்ல யாருக்கும் காய்ச்சலா?" என்றார்.

"நண்டுக்குங்க. நண்டு மூளையப் பத்திப் படிக்கிறோம்."

"நண்டுக்குத் தலையே கெடையாதே. மூளைய எங்கன வச்சிருக்கு?"

"பாதிய வயித்துல வச்சிருக்கு."

"அப்ப நம்மாளுதான்," என்று வயிற்றைத் தட்டிக்கொண்டார்.

திரும்பும் வழியில் உமி போட்ட சாக்குக்குள்ளிருந்து ஐஸ் உருகி என் மடியில் இறங்கியது. பையும் மடியில்தான். நஸ்ரீன் காற்றுக்கு எதிராகச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

"கலந்தது கலந்துருச்சுண்ணே. கலந்ததால என்ன கெட்டுப்போச்சுன்னு யாராச்சும் பாத்தாகளா? கெட்டுப்போச்சுன்னு சொல்றாக, பாக்கல. நான் பாக்கப் போறேன்."

"பாத்து?"

"கெட்டுப்போயிருந்தா நானும் ஒங்ககூட பஸ் ஏறிர்றேன்."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினாள்.

அந்தச் சின்னக் கொடுக்கு நண்டைத்தான் எடுத்தாள். அதைவிட 'ஒரு மாதிரி'யான நண்டு தொட்டியில் கிடையாது. தீனி எடுப்பதிலும் பிடிவாதம், தொட்டாலும் விலகாது. நெருக்கடியில் மனிதர்கள் தங்களுக்குச் சாதகமானதைத்தான் முதலில் எடுப்பார்கள். அவள் தனக்கு மிகப் பாதகமானதை எடுத்தாள். நான் அன்றைக்குப் பார்த்த விஷயங்களில் இதைத்தான் இன்றும் பெரிதாக நினைக்கிறேன்.

மத்தியானத்துக்குள் முடிச்சு வெளியே வந்து கரைசலில் கிடந்தது. திரையில் மூன்று கோடுகள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று. ஆரோக்கியம் மூச்சை விட்டான். மற்ற நண்டுகளில் எப்படி ஓடுமோ அப்படியே ஓடியது. கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினாள். வேகம் கூடியது, முறை தப்பவில்லை. இன்னும் சூடு. ஒரு கட்டத்தில் இரண்டாம் கோடு விட்டுவிட்டுத் துடித்தது, பிறகு அடங்கியே போயிற்று. முதல் கோடு மட்டும் ஒற்றையாக அடித்துக்கொண்டிருந்தது. என் மடியிலிருந்து இறக்கிய ஐஸை வைத்துக் குளிர வைத்தாள். கொஞ்ச நேரம் வெறும் கோடு. பிறகு இரண்டாவது ஒரு முறை துடித்தது. காத்திருந்தோம். மூன்றும் திரும்பி வந்துவிட்டன, ஒன்றும் நடக்காதது போல.

செங்கல் சூளையில் இதைப் பார்த்திருக்கிறேன். காலையில் எல்லாரும் ஒரே சீராகக் கல் அடுக்குவோம். உச்சி வெயிலில், மேலே சூரியன், கீழே சூளை, அப்போதுதான் ஆளுக்கு ஆள் வேறாவோம். ஒருவன் பாட ஆரம்பிப்பான். ஒருவன் பக்கத்தில் இருப்பவனோடு காரணமில்லாமல் சண்டை பிடிப்பான். ஒருவன் பேசாமல் உட்கார்ந்துவிடுவான். நான் நடந்து வெளியே போய்விடுவேன். வெயில் தாழ்ந்து ஒரு டீ குடித்தால் மறுபடி ஒரே சீர்.

நஸ்ரீன் மேடத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால் மேசையில் தாள்களைப் பரப்பினாள். மாசிக்கு முன்னால், கலக்காத காலத்தில், 'ஒரே மாதிரி' தொட்டியிலிருந்து எடுத்த நண்டுகளின் பதிவுகள் கொஞ்சம், அதற்குப் பிறகு எடுத்தவை கொஞ்சம், இன்றையது ஒன்று. எது எதனுடையது என்று எழுதியிருந்த ஓரத்தை மடித்துக் கீழே செருகினாள்.

மேடம் வந்தார். "இது என்ன?"

"மேடம், இதுல ஒரு மாதிரி நண்டோடது ஒண்ணு நிச்சயமா இருக்கு. எதுன்னு சொல்லுங்க."

மேடத்தின் முகத்தில் கோபம் வந்து போனது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதலில் சாதாரணச் சூட்டில் எடுத்தவற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்து, "இதுல சொல்ல முடியாது. சூடு பண்ணினதைக் காட்டு," என்றார். அதில் தாமதிக்கவே இல்லை. ஒன்றை நல்லதென்று ஓரமாக ஒதுக்கிவிட்டு, இன்னொரு தாளைத் தட்டினார். "இதுதான். மூணும் குழம்பிப்போய்க் கிடக்கு. சந்தேகமே வேண்டாம்."

நஸ்ரீன் மடிப்பைப் பிரித்தாள். கார்த்திகையில் எடுத்தது. 'ஒரே மாதிரி' தொட்டி. கொடுக்கு, அளவு, தீனி எல்லாம் சுத்தம்.

"அப்ப இன்னைக்கு எடுத்தது எது?"

"நீங்க நல்லதுன்னு ஒதுக்கி வச்சீங்களே மேடம், அது."

மேடம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எல்லாத் தாள்களையும் பிரித்து வரிசையாக வைத்துப் பார்த்தார். சாதாரணச் சூட்டில் எல்லாம் ஒன்று போல. சூடேறினால் ஒன்று போல இன்னொன்று இல்லை. ஒன்றில் முதல் கோடு அடங்குகிறது, ஒன்றில் கடைசி. ஒன்று இரட்டை இரட்டையாக அடிக்கிறது. ஒன்று மற்றவை எல்லாம் விழுந்த பிறகும் தாங்குகிறது. எந்தத் தொட்டி என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இது மாசிக்கு முன்னாலயும் இருந்திருக்கே. ஏன் எங்கிட்ட சொல்லல?"

நஸ்ரீன் சுவரைப் பார்த்தாள். "என் கை சரியில்லன்னு நெனச்சேன் மேடம். ஒரே மாதிரி நண்டு, ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி ஒடையுதுன்னா தப்பு எங்கிட்டத்தான இருக்கும். அதான் எல்லாத்தையும் கூட்டி வகுத்து ஒரே கோடாப் போட்டேன்."

அந்த ஒரே கோடு சுவரில் ஒட்டியிருந்தது. வழவழவென்று ஏறி வழவழவென்று இறங்கும், அழகான கோடு. மேடம் எழுந்து போய் அதன் முன்னால் நின்றார்.

"இந்த நண்டு எந்த வயல்லயும் கிடையாது," என்றார். "இத்தனை நாளா இல்லாத நண்டைத்தான் நான் பாராட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஆரோக்கியம்தான் கேட்டான், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்று போல ஓடுகிறதே, உள்ளே எப்படி வேறாக இருக்க முடியும் என்று. மேடம் திரும்பி எங்கள் மூவருக்கும் சொன்னார். நரம்பு உயிரணுவின் சுவரில் உப்பு உள்ளே வரவும் வெளியே போகவும் பல வகை வாசல்கள் உண்டு. ஒரு நண்டுக்கு ஒரு வகை வாசல் கூடுதல். அதை ஈடுகட்ட இன்னொரு வகை வேறு அளவில் இருக்கும். அடுத்த நண்டுக்குத் தலைகீழ். "குழம்பு மாதிரிதான். ஒரு வீட்டுல புளி கூட, அதுக்குத் தக்கன காரம் கூட. இன்னொரு வீட்டுல ரெண்டும் கம்மி. சாப்பிட்டா ரெண்டும் நல்லாத்தான் இருக்கும். அடுப்புல வச்சு சுண்ட விட்டாத்தான் எந்த வீட்டுக் குழம்புன்னு தெரியும்." பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "எல்லாம் ஒரே அளவா இருந்திருந்தா, ஒரு வெயில்ல மொத்தமும் போயிருக்கும்," என்றார்.

வயலில் கொதிக்கிற ஆனிச் சேற்றிலும் மார்கழித் தண்ணீரிலும் நண்டு பிடித்தவன் நான். இந்தச் சூட்டையும் குளிரையும் நண்டு எப்படித் தாங்குகிறது என்ற கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்குத்தான் தோன்றியது, தோன்றியது நிற்கவும் இல்லை.

அதன் பிறகு மேடம் அந்தக் காலித் தொட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். எழுத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்த 'ரு' என்னோடது."

தொட்டியைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார்.

"ஈரத்துல கொம்பு அழிஞ்சுபோய் 'ஒர மாதிரி'ன்னு இருந்துச்சு. போற போக்குல பாத்தேன். என்னடா பிழையா இருக்கேன்னு ஒரு சுழி போட்டுட்டுப் போனேன். எங்க அம்மா தமிழ் டீச்சர். பிழையைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது."

முதலில் சிரித்தது ஆரோக்கியம். வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தான். பிறகு மேடமே சிரித்துவிட்டார். எழுத்தைத் திருத்துவதற்கு முன்னால் எழுதியவரைக் கேளுங்கள் என்று உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். தொட்டியைத் துடைத்து, காய்ந்த பிறகு எழுதுங்கள் என்பதையும்.

"நஸ்ரீன், எதையும் தூக்கிப் போட வேண்டாம்," என்றார் மேடம். "அந்தக் கோட்டைக் கழட்டு. நாளன்னிக்கு வர்றவங்களுக்கு ஒவ்வொரு நண்டையும் தனித்தனியாக் காட்டு. கலந்த கதையையும் மறைக்காம சொல்லு. கேள்வி வந்தா நான் பதில் சொல்றேன்."

நஸ்ரீன் தலையை ஆட்டினாள். தாள்களை ஒன்றாக அடுக்கினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, பஸ் ஸ்டாண்டு," என்றாள்.

மேடம் அப்போதுதான் என் பையைப் பார்த்தார். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இனிமே தொட்டி கிடையாது. ஒவ்வொரு நண்டுக்கும் ஒரு டப்பா. எது எங்க பிடிச்சது, எப்ப சட்டை உரிச்சது, எது எப்படிச் சாப்பிடுது, எல்லாம் தனித்தனியாத் தெரியணும். அதுக்குன்னு ஒரு ஆளு நிலையா வேணும். இருப்பீங்களா?"

நிலையா என்ற சொல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. பையைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் தண்ணீரில் ஊறி, போர்வை பிழிந்தால் ஒரு வாளி வரும்.

"துணி காயணும் மேடம்," என்றேன்.

விலங்கு அறைக்குப் பின்னால் கொடி கட்டிக் காயப் போட்டேன். சித்திரை வெயிலில் எல்லாம் சாயங்காலமே காய்ந்துவிட்டது. போர்வை மட்டும் லேசாக ஈரம். அதை அங்கேயே விட்டு வைத்தேன்.

மறுநாள் காலை, நஸ்ரீன் சுவரிலிருந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, நான் இரண்டு நீலத் தொட்டிகளையும் நிழலில் இழுத்து வைத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, ஒன்றில் இருந்த 'ஒரு'வைத் துடைத்தேன். மற்றதில் இருந்த 'ஒரு'வையும் துடைத்தேன். இரண்டிலும் மிச்சம் நின்றது 'மாதிரி'. அதையும் அழிக்கவா என்று கேட்டேன். சோதனைக்கு எடுக்கிறதுக்குப் பெயரே அதுதான், இருக்கட்டும் என்றார் மேடம். ஆரோக்கியம் புதிய டப்பாக்களைக் கொண்டுவந்து இறக்கினான். முதல் டப்பாவைத் துடைத்தேன், காயும்வரை காத்திருந்தேன், ஒரு நண்டை எடுத்து அதற்குள் விட்டேன். அது விலகவில்லை. கொடுக்கைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றது.